சிராகூசாவில் இரண்டு இரவு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆர்க்கிமிடீஸ் 'யுரேகா' என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடிய கதை பள்ளிக்கூடத்திலேயே நமக்குத் தெரியும். அந்தத் தெரு எந்த ஊரில் என்பதுதான் பலருக்கு நினைவிருக்காது. இத்தாலியின் சிசிலித் தீவில், தென்கிழக்குக் கரையில் இருக்கும் சிராகூசாதான் அது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கொரிந்திலிருந்து கப்பலேறி வந்த கிரேக்கர்கள் அமைத்த ஊர். படையெடுத்து வந்த ஏதென்ஸையே தோற்கடித்து அனுப்பிய ஊர். இன்றைக்கு எலுமிச்சையும் மீனும் விற்றுக்கொண்டு, மதியமானால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறது.

பழைய ஊர் ஒர்த்தீஜா என்ற குட்டித் தீவில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் தீவு. மொத்தமே சுமார் ஒரு சதுர கிலோமீட்டர். அதனால்தான் சுற்றுலாக்காரர்கள் இதை அரைநாள் ஊர் ஆக்கிவிட்டார்கள். பக்கத்துப் பெரிய நகரமான கத்தானியாவில் காலையில் பஸ் ஏற்றி, உச்சி வெயிலில் இங்கே இறக்கிவிட்டு, நாலு மணிக்கு மறுபடி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கடைகள் பூட்டியிருக்கிற, கல் தரை கொதிக்கிற நேரம் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் 'பரவாயில்லை' என்பார்கள். இந்த ஊர் காலை பத்து மணிக்கு முன்னாலும் மாலை ஆறு மணிக்குப் பின்னாலும் பார்க்க வேண்டிய ஊர். அதனால் குறைந்தது இரண்டு இரவு, அதுவும் ஒர்த்தீஜாவுக்குள்ளேயே தங்குங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

எந்த மாதம்?

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முழுக்க. 'மதுரை வெயிலையே பார்த்தவன் நான்' என்று ஜூலை, ஆகஸ்டில் டிக்கெட் போடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராகூசாவுக்குப் பக்கத்தில் 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஐரோப்பாவில் பதிவான உச்ச வெப்பம் அதுதான் என்று உலக வானிலை அமைப்பு உறுதி செய்திருக்கிறது. போதாக்குறைக்கு ஆகஸ்ட் 15 இத்தாலி முழுவதற்கும் பெரிய விடுமுறை. அந்த வாரம் கடற்கரையில் துண்டு விரிக்க இடம் இருக்காது, அறை வாடகையும் எகிறிவிடும்.

மே, ஜூனில் போனால் ஒரு கூடுதல் லாபம் உண்டு. பாறையில் குடைந்த கிரேக்க அரங்கில் பழைய கிரேக்க நாடகங்களை மாலை நேரத்தில் மேடையேற்றுகிறார்கள். 1914இல் தொடங்கிய வழக்கம். வசனம் இத்தாலிய மொழியில் இருக்கும், கதையை முன்கூட்டியே படித்துக்கொண்டு போனால் சமாளிக்கலாம். கல் இருக்கைகள் மேல் பலகை போட்டிருப்பார்கள். அப்படியும் உட்கார ஒரு மெத்தை இருந்தால் முதுகு தப்பிக்கும். நாடகம் வேண்டாம், வெறும் கல் அரங்கைத்தான் பார்க்க வேண்டும் என்றால் அந்தப் பருவத்தைத் தவிர்த்துவிடுங்கள். பலகையும் மேடை அமைப்பும் பாதியை மறைத்துவிடும்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் டிசம்பர் 13ஐக் குறிவைக்கலாம். கண்பார்வைக்கு வேண்டிக்கொள்ளும் புனித லூசியா இந்த ஊர்ப் பெண். அன்று அவரது வெள்ளிச் சிலையைத் தோளில் சுமந்து ஊர்வலம் போவார்கள், ஒரு வாரம் கழித்து 20ஆம் தேதி சிலை பேராலயத்துக்குத் திரும்பும்.

விசாவும் பயணமும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். ஆனால் 15 நாளை நம்பி உட்காராதீர்கள். கோடை விடுமுறைக் காலத்தில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. குறைந்தது 30,000 யூரோ வரை ஈடு தரும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிராகூசாவுக்கு விமான நிலையம் கிடையாது. கத்தானியாவில் இறங்க வேண்டும், அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். முனையத்துக்கு வெளியிலேயே சிராகூசா பஸ் கிடைக்கும். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பஸ் கொண்டுபோய் விடுவது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து கோர்சோ உம்பெர்த்தோ என்ற நேரான தெருவில் நடந்தால் பதினைந்து இருபது நிமிடத்தில் பாலமும் ஒர்த்தீஜாவும் வந்துவிடும். பெரிய பெட்டி என்றால் டாக்ஸி பிடியுங்கள், கல் பாவிய சந்துகளில் பெட்டிச் சக்கரம் படும் பாடு தெருவுக்கே கேட்கும்.

ரோமிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: இரவு ரயில். இத்தாலியின் கால்விரல் நுனியில் வில்லா சான் ஜொவான்னி என்ற இடத்தில் ரயில் பெட்டிகளைப் பிரித்து, அப்படியே கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் தண்டவாளத்தில் ஏற்றி, மெஸ்ஸினா நீரிணையைக் கடத்தி, அக்கரையில் மறுபடி கோர்த்து ஓட்டுகிறார்கள். நீங்கள் படுக்கையை விட்டு எழ வேண்டியதே இல்லை. ஆனால் எழுந்து மேல்தளத்துக்குப் போய்க் கடலைப் பாருங்கள். விமானத்தைவிட நேரம் பல மடங்கு. எனக்கு ரயில்தான் பிடிக்கும்.

காகித டிக்கெட் வாங்கி உள்ளூர் ரயிலில் ஏறினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம்தான்.

வாடகைக் கார் எடுக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒர்த்தீஜாவுக்குள் வண்டிப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. சிவப்பு வட்டம் போட்ட பலகையில் 'சோனா ட்ராஃபிக்கோ லிமித்தாத்தோ' என்று எழுதியிருக்கும். அமலில் உள்ள நேரம் பருவத்துக்கும் கிழமைக்கும் தகுந்தபடி மாறும். தடுப்புக் கம்பியோ போலீஸோ இருக்காது, கேமரா மட்டும் படம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஊர் திரும்பி எல்லாம் மறந்த பிறகு வீட்டுக்கு அபராதக் கடிதம் வரும். கார் நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு கட்டணத்தைக் கடன் அட்டையில் கழித்துக்கொள்ளும். தீவின் வடகிழக்கு ஓரத்தில் தலேத்தே என்ற வாகன நிறுத்தம் இருக்கிறது. வண்டியை அங்கே விட்டுவிட்டு நடங்கள். உள்ளே கார் எதற்கும் உதவாது.

தங்குவது

ஒர்த்தீஜாவில் பெரிய ஹோட்டல் குறைவு. பழைய வீடுகளைப் பிரித்து அறைகளாக்கிய சின்னச் சின்ன விடுதிகள்தான் அதிகம். லிஃப்ட் இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்னாலேயே கேளுங்கள், முக்கியமாக அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள். மூன்றாம் மாடி வரை செங்குத்தான கல் படிக்கட்டு என்பது இங்கே சர்வசாதாரணம். பாஸ்போர்ட் கேட்டுப் பதிவு செய்வார்கள், அது சட்டம். ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சியின் தங்கல் வரி தனியாக உண்டு. அதைப் பலர் ரொக்கமாகத்தான் வாங்குவார்கள், கொஞ்சம் சில்லறை யூரோ வைத்திருங்கள். நம் ஊர் மூன்று முனை பிளக் இங்கே பொருந்தாது, அடாப்டர் ஒன்று எடுத்துப் போக வேண்டும்.

வந்து சேர்ந்த மாலை

முதல் மாலையில் எதற்கும் டிக்கெட் வாங்காதீர்கள். பாலத்தைத் தாண்டியதும் வலதுகைப் பக்கமாகக் கடலை ஒட்டியே நடந்தால், கொஞ்ச தூரத்தில் சுவர் சூழ்ந்த ஒரு குளம் வரும். அதுதான் அரெத்தூசா ஊற்று. கடலுக்கு நாலடி தள்ளி நன்னீர் பொங்கும் இடம், நடுவில் பப்பைரஸ் கோரை வளர்ந்திருக்கும், வாத்துகள் நீந்தும். துரத்திய ஆற்றுத் தெய்வத்திடமிருந்து தப்பிக்க கிரேக்க நாட்டிலிருந்து கடலுக்கடியில் ஓடிவந்து இங்கே ஊற்றாக எழுந்த பெண் அரெத்தூசா என்பது புராணம். புராணத்தை விடுங்கள்: ஒரு தீவில் முற்றுகையைத் தாங்கி நிற்க நல்ல தண்ணீர் வேண்டும். கிரேக்கர்கள் இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த ஊற்றைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1798இல் நெப்போலியனின் கப்பல்களைத் தேடி அலைந்த பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் கடற்படையும் சிராகூசாவில்தான் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நைல் போருக்குப் போனது.

ஊற்றுக்குப் பக்கத்துக் கரை மேற்கே பார்த்தது. சூரியன் பெரிய துறைமுகத்துக்கு அப்பால் இறங்கும். ஊரே அங்கேதான் உலாவும். இருட்டின பிறகு தீவின் தென்முனை வரை நடக்கலாம். அங்கே இருப்பது 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் கட்டிய மனியாச்சே கோட்டை. உள்ளே போவதை வேறு ஒரு காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், நேரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மறுநாள் காலை: சந்தை, பிறகு பேராலயம்

பாலத்துக்கு அருகே அப்பொல்லோ கோவிலின் இடிபாடு திறந்தவெளியில் கிடக்கும். கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்குப் பக்கத்துச் சந்தில் ஞாயிறு தவிர தினமும் காலையில் சந்தை. எட்டரை மணிக்குப் போங்கள். வாள்மீனின் தலையை மூக்கு மேலே நிமிர்ந்திருக்கும்படி நிறுத்தி வைத்திருப்பார்கள், வியாபாரிகள் கூவுகிற கூவலில் பாதி பாட்டு. பக்கத்துப் பச்சீனோவின் தக்காளி, ஆவொலாவின் பாதாம், இந்த ஊர் எலுமிச்சை. பாதாமும் வெயிலில் உலர்த்திய தக்காளியும் வீட்டுக்கு வாங்கிப்போக ஏற்றவை. மதியம் ஒரு மணிக்கெல்லாம் கடையைக் கழுவி மூடத் தொடங்கிவிடுவார்கள்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் பியாட்சா துவோமோ, அதாவது பேராலயச் சதுக்கம். வெளிர் சுண்ணாம்புக்கல் தளம், சுற்றிலும் அதே நிறத்தில் மாளிகைகள். எல்லோரும் பேராலயத்தின் முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் முகப்பை விட்டுவிட்டு இடதுபுறச் சந்துக்குள், வியா மினெர்வாவுக்குள் திரும்புங்கள்.

ஆலயத்தின் பக்கச் சுவரில் வரிசையாகப் பெரிய தூண்கள் பதிந்திருப்பது தெரியும். தூணின் உடம்பில் மேலிருந்து கீழாக ஓடும் பள்ளக் கோடுகளை விரலால் தடவிப் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கி.மு. 480இல் கார்த்தேஜ் படையை வென்ற கையோடு கெலோன் என்ற ஆட்சியாளர் அதீனா தெய்வத்துக்குக் கட்டிய கோவிலின் தூண்கள் அவை. கிரேக்கக் கோவில் என்றால் நடுவில் சுவர் சூழ்ந்த கருவறை, அதைச் சுற்றித் திறந்த தூண் வரிசை. 7ஆம் நூற்றாண்டில் இதைத் தேவாலயமாக்கியவர்கள் இடிக்கவில்லை. வெளித்தூண்களுக்கு இடையே இருந்த வெளியைக் கல்லால் அடைத்தார்கள். அது சுவர் ஆனது. உள்ளே கருவறைச் சுவரைப் பக்கத்துக்கு எட்டு வளைவாக வெட்டித் திறந்தார்கள். அது நடுக்கூடம் ஆனது. அதாவது திறந்திருந்ததை அடைத்து, அடைத்திருந்ததைத் திறந்து, கோவிலைத் தேவாலயமாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். வாசல்கூடத் திசை மாறியது. கிழக்கே பார்த்திருந்த கோவிலுக்கு இப்போது மேற்கே வாசல்.

பிறகு 878இல் அரபுகள் ஊரைப் பிடித்தார்கள், அதன்பின் நார்மன்கள் வந்தார்கள். 1693 நிலநடுக்கத்தில் தென்கிழக்குச் சிசிலியே குலுங்கி விழுந்தது. முகப்பும் விழுந்தது. எல்லோரும் படம் எடுக்கும், அலங்காரம் நிறைந்த பரோக் பாணியிலான அந்த முகப்பு 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. சந்தில் நின்றால் சில தூண்கள் லேசாகச் சாய்ந்திருப்பதும் மேலே கோட்டை மதில் போல் பல்வரிசை ஓடுவதும் தெரியும். உள்ளே போகச் சிறு கட்டணம் உண்டு. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். இந்த ஊரில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் பணம் செலவழிப்பேன் என்பவர்கள் இங்கே செலவழியுங்கள்.

ஓவியம் பிடிக்கும் என்றால் ஒன்று சொல்கிறேன். மால்டா சிறையிலிருந்து தப்பி 1608இல் இங்கே வந்த கரவாஜ்ஜோ, புனித லூசியாவின் அடக்கத்தைப் பெரிய திரையில் வரைந்து கொடுத்தார். ஊருக்குள் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாந்தா லூசியா அல் செபோல்க்ரோ தேவாலயத்துக்காக வரைந்தது. நடுவில் சில ஆண்டுகள் பியாட்சா துவோமோவில் இன்னொரு ஆலயத்தில் வைத்திருந்தார்கள். கிளம்பும் முன் விடுதியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியம் ஒன்று முதல் நாலு வரை எதுவும் திட்டமிட வேண்டாம். தூங்குங்கள், அல்லது கடலில் இறங்குங்கள். தீவின் கிழக்குக் கரையில் காலா ரோஸ்ஸா என்ற துக்கடாக் கடற்கரை இருக்கிறது. கோடையில் பாறைகள்மேல் பலகை மேடை போட்டு ஏணி வைத்திருப்பார்கள். பாறை இடுக்கில் முள்ளெலி போன்ற கடல் முள்ளி ஒட்டியிருக்கும், ரப்பர் செருப்பில்லாமல் கால் வைக்காதீர்கள். மணல் வேண்டும், குழந்தைகள் விளையாட வேண்டும் என்றால் ஊருக்குத் தெற்கே அரெனெல்லா, ஃபொன்தானே பியான்கே கடற்கரைகளுக்கு பஸ்ஸில் போக வேண்டும்.

வெயில் இறங்கியதும் ஜூதேக்கா பகுதிக்குள் புகுந்து சுற்றுங்கள். ஸ்பெயின் அரசின் 1492 ஆணையில் துரத்தப்படும்வரை யூதர்கள் வாழ்ந்த தெருக்கள். ஒரு பழைய மாளிகையைப் புதுப்பிக்கும்போது, அதன் அடியில் சுமார் 18 மீட்டர் ஆழத்தில் அவர்களுடைய சடங்குக் குளியல் குளங்கள் மண் அடைத்துக் கிடந்தது தெரியவந்தது. வழிகாட்டியோடு மட்டும் இறங்க விடுவார்கள். படி குறுகலாக, ஈரமாக இருக்கும். கீழே தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் நாள் காலை: நெயாபொலிஸ் பூங்கா

இது தீவில் இல்லை, நிலப்பகுதியில் இருக்கிறது. நடந்தால் அரை மணிக்கு மேல். காலையில் திறந்தவுடனே உள்ளே போய்விடுங்கள், நிழல் குறைவு, தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். கிரேக்க அரங்கு கட்டியதல்ல, குன்றையே குடைந்தது. குறுக்களவு சுமார் 138 மீட்டர். மேலே இருந்த கட்டுமானக் கல்லெல்லாம் எங்கே போனது என்றால், 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் பெயர்த்து எடுத்துப்போய் ஒர்த்தீஜாவுக்கு மதில் கட்டிவிட்டார்கள். அந்த மதிலையும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரும்பாலும் இடித்துவிட்டார்கள்.

அரங்குக்குக் கீழே பழைய கல்குவாரி. இப்போது எலுமிச்சையும் மாதுளையும் நிற்கும் தோட்டம். அதன் ஒரு சுவரில் 23 மீட்டர் உயரத்துக்கு வளைந்து போகும் குகைதான் 'டயனீசியஸின் காது'. கைதிகள் கிசுகிசுப்பதை இந்த ஊரை ஆண்ட கொடுங்கோலன் டயனீசியஸ் மேலிருந்து ஒட்டுக்கேட்பான் என்று கதை. பெயர் வைத்தது கரவாஜ்ஜோ என்பார்கள். உள்ளே போகும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் பாடிப் பார்ப்பார். எதிரொலி நன்றாகத்தான் இருக்கிறது.

குவாரிகளின் உண்மைக் கதை அதைவிடக் கொடியது. கி.மு. 413இல் தோற்ற ஏதென்ஸ் படையின் ஏழாயிரம் பேரைச் சிராகூசாவின் குவாரிகளில் அடைத்தார்கள். தலைக்குத் தினமும் அரை லிட்டர் தானியமும் கால் லிட்டர் தண்ணீரும்தான், கூரை கிடையாது, மாதக்கணக்கில். ஏதென்ஸின் நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் வரிகளைச் சொல்லத் தெரிந்தவர்கள் சிலர் அதைச் சொல்லியே விடுதலை வாங்கினார்கள் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். மேலே அரங்கில் யூரிப்பிடீஸின் நாடகங்களை இன்னமும் போடுகிறார்கள்.

ஆர்க்கிமிடீஸ் கல்லறை என்று வேலிக்கு அப்பால் ஒன்றைக் காட்டுவார்கள். அது அவர் இறந்து வெகுகாலம் கழித்து வந்த ரோமானியக் கல்லறை. அதற்காக அலைய வேண்டாம். அங்கிருந்து கொஞ்ச நடையில் பாவ்லோ ஓர்சி அருங்காட்சியகம், திங்கட்கிழமை விடுமுறை. சோர்வாக இருந்தால் ஒரே ஒரு சிலைக்காவது போங்கள்: மெகாரா ஹிப்லேயா என்ற பழைய கிரேக்க ஊரில் கிடைத்த, இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் தாய். தலை இல்லை, இரண்டு கையும் இரண்டு குழந்தைகளையும் அணைத்துப் பிடித்திருக்கும் விதம் போதும்.

சாப்பாடு

காலைக்குப் பாதாம் கிரனீத்தாவும் பிரியோஷ் ரொட்டியும். கிரனீத்தா ஐஸ்கிரீம் இல்லை, பால் சேர்க்காத நைசான பனிக்கூழ். ரொட்டியின் மேல்குமிழைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். இனிப்பைக் காலையில் சாப்பிட மாட்டேன் என்கிறவர்கள்கூட இரண்டாம் நாள் கேட்டு வாங்குவார்கள். காபியை மேசையில் உட்கார்ந்து குடித்தால் பல இடங்களில் விலை கூடுதல், உள்ளூர்க்காரர்கள் நின்றே குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சிசிலி கஷ்டமான இடம் இல்லை, கத்தரிக்காய் நாடு. கத்தரிக்காய் வறுவலும் தக்காளியும் போட்ட பாஸ்தா அல்லா நோர்மா, புளிப்பும் இனிப்புமாகக் கப்போனாத்தா, ரிக்கோத்தா அடைத்த கன்னோலி. எச்சரிக்கை வேண்டியது நெத்திலியிடம்தான். 'அச்சூகெ' என்று பெயர், சாஸில் கரைந்து, ரொட்டித்தூளில் கலந்து கண்ணுக்குத் தெரியாமல் வரும். 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா அச்சூகெ' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், நெத்திலி வேண்டாம். அரன்ச்சீனோ நம் போண்டா மாதிரி பொரித்த சோற்று உருண்டை, உள்ளே பெரும்பாலும் இறைச்சி, கேட்டு வாங்க வேண்டும். மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஆனால் காரம் எதிர்பார்க்காதீர்கள். எலுமிச்சை, எண்ணெய், உப்பு, அவ்வளவுதான்.

இரவு ஏழரைக்கு முன் உணவகம் திறக்காது. பில்லில் 'கோபெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும். ஏமாற்று இல்லை, மேசைக் கட்டணம். அது போக டிப்ஸ் கட்டாயமில்லை. கடைக்குள் நுழையும்போது காலையில் 'போன்ஜோர்னோ', மாலையில் 'போனசேரா' சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுருங்கும்.

இன்னும் நாள் இருந்தால்

நோத்தோ போய்வாருங்கள், ரயிலில் அரை மணி நேரம். 1693 நிலநடுக்கத்தில் அழிந்து, வேறு இடத்தில் தேன்நிறக் கல்லில் மொத்தமாக மறுபடி கட்டிய ஊர். சாயங்கால வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திரும்பலாம், கடைசி ரயில் நேரத்தை மட்டும் பார்த்து வையுங்கள். பலெர்மோ போகிறவர்களுக்கு ரயிலைவிட பஸ் சௌகரியம். அங்கே ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். அந்த ஊரின் காவல் புனிதை ரொசாலியாவின் குகைக் கோவிலுக்கு, மொந்தே பெல்லெக்ரீனோ மலைமேல், இந்துத் தமிழ்க் குடும்பங்களும் ஏறிப்போய் வேண்டிக்கொள்வதைப் பார்க்கலாம்.

கிளம்புகிற நாள் ஞாயிறு அல்லது விடுமுறையாக இருந்தால் பஸ், ரயில் எண்ணிக்கை குறைந்துவிடும். முதல் நாள் மாலையே நேரத்தைப் பார்த்து டிக்கெட் வாங்கிவிடுங்கள். காலை ஏழு மணிக்கு விமானம் என்றால் முந்தின இரவே கத்தானியா போய்ப் படுத்துக்கொள்வது நல்லது. அவசரம் எதற்கும் தொலைபேசி எண் 112.